தண்ணீர் மனிதர்கள்

இரண்டாம் ஆண்டு, சிவில்



"உங்க ஊரு எது?" என்று ஒருவரை ஒருவர் கேட்காமல் நம் ஹாஸ்டலில் ஒரு நாளும் போவதில்லை. ஆனால் 'ஊரு' என்பதையே இனப் பெயராகக் கொண்ட மக்கள் உலகத்தின் மறுகோடியில் இருக்கிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தென் அமெரிக்காவில், பெரு நாட்டிலும் பொலிவியா நாட்டிலும் வாழும் ஊரு இன மக்கள்தான் அவர்கள். (பெயர் ஒத்துப்போவது தற்செயல். அவர்கள் மொழிக்கும் தமிழுக்கும் சொந்தம் எதுவும் கிடையாது. இதை வைத்து யாரும் பட்டிமன்றத்தில் முழங்கிவிட வேண்டாம்!)

தென் அமெரிக்கா என்றதும் நமக்குப் பெலேயும் மாரடோனாவும் ஞாபகம் வருவார்கள். பொலிவியா என்றால், 1967-ல் சே குவேரா சுட்டுக் கொல்லப்பட்ட மண் என்று நம் சங்கத் தோழர்கள் சொல்வார்கள். பழங்குடி என்றால் இன்கா பேரரசு வரை கேள்விப்பட்டிருப்போம். அந்த இன்காக்களுக்கும் முன்னாலிருந்தே அங்கே வாழ்ந்து வருவதாகக் கருதப்படும் சின்னஞ்சிறு கூட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மொத்தமே சில ஆயிரம் பேர்தான். ஆனால் சிவில் படிக்கிற நமக்கு இவர்களிடம் தெரிந்துகொள்ள விஷயம் நிறைய இருக்கிறது.

ஒரே படுகை, மூன்று கிளைகள்

ஆண்டிஸ் மலைத்தொடரின் நடுவே, வானத்துக்குப் பக்கத்தில் விரித்த பாய் மாதிரி ஒரு பெரிய சமவெளி இருக்கிறது. அங்கே உள்ள டிட்டிகாகா ஏரி கடல் மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம்ம தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஏரியின் பரப்பு சுமார் 8,300 சதுர கிலோமீட்டர். பாதி பெருவில், பாதி பொலிவியாவில்.

இந்த ஏரியிலிருந்து தேசாகுவாதேரோ என்ற ஆறு தெற்கே ஓடி, பொலிவியாவின் போபோ ஏரியில் விழுகிறது. இன்னும் தெற்கே, மேற்கு மலையிலிருந்து வரும் லவுகா ஆறு கோய்பாசா என்ற உப்பளத்தில் போய் முடிகிறது. இந்தத் தண்ணீர் எதுவும் கடலுக்குப் போகாது. வெயிலும் காற்றும்தான் அதைக் குடித்துத் தீர்க்கும்.

இந்த நீர்வழி நெடுக ஊரு மக்கள் பரவியிருந்தார்கள். இன்று முக்கியமாக மூன்று கிளைகள் மிஞ்சியிருக்கின்றன. டிட்டிகாகாவில் மிதக்கும் தீவுகளில் வாழ்பவர்கள், லவுகா ஆற்றங்கரையில் வாழும் சிபாயா மக்கள், போபோ ஏரிக்கரையில் வாழும் முராத்தோ மக்கள். இவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயருக்கு 'தண்ணீர் மனிதர்கள்' என்று பொருள். ஒரே இனம்தான். ஆனால் மூன்று இடத்திலும் தண்ணீருக்கு என்ன ஆனதோ அதுதான் அவர்களுக்கும் ஆனது.

மனிதர் கணக்கில் வராதவர்கள்

சிபாயா மக்களிடம் ஒரு பழங்கதை உண்டு. சூரியனே இல்லாத காலத்தில், நிலா வெளிச்சத்தில் அவர்கள் முன்னோர் வாழ்ந்தார்களாம். திடீரென்று ஒருநாள் சூரியன் உதித்தது. வெப்பம் தாங்காமல் எல்லோரும் கருகிப்போனார்கள். தண்ணீருக்குள் இறங்கி ஒளிந்தவர்கள் மட்டும் பிழைத்தார்கள். அந்த மிச்சம்தான் நாங்கள் என்கிறார்கள்.

நிலம் வைத்திருந்த அயிமாரா இன விவசாயிகளும், பின்னால் வந்த இன்கா ஆட்சியாளர்களும், அதற்கும் பின்னால் வந்த ஸ்பானியர்களும் இவர்களைக் கீழாகவே பார்த்தார்கள். வயல் இல்லை, மந்தை இல்லை, மீனும் பறவை முட்டையும் கோரைக் கிழங்கும் தின்று தண்ணீரில் திரிகிறவர்கள் என்ற இளக்காரம். ஸ்பானியப் பாதிரியார் ஹோசே தே அகோஸ்தா 1590-ல் வெளியிட்ட நூலில் ஒன்றைக் குறிப்பிடுகிறார். நீங்கள் யார் என்று இவர்களைக் கேட்டபோது, நாங்கள் மனிதர்கள் இல்லை, ஊருக்கள் என்று பதில் சொன்னார்களாம்!

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. உண்மையிலேயே அப்படிச் சொன்னார்களோ, எழுதியவர் அப்படிப் புரிந்துகொண்டாரோ, நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு கூட்டத்தைப் பார்த்து நீ மட்டம், நீ மட்டம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னால், ஒருநாள் அவர்கள் வாயிலிருந்தே அது வந்துவிடும். இது தென் அமெரிக்காவில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த இளக்காரத்துக்குப் பலியானது முதலில் மொழிதான். டிட்டிகாகா ஊருக்கள் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே தாய்மொழியை விட்டு அயிமாரா மொழிக்கு மாறிவிட்டார்கள். முராத்தோ மக்களும் அப்படியே. சிபாயாக்கள் மட்டும்தான் இன்றுவரை சொந்த மொழியை வீட்டில் பேசுகிறார்கள். மொழி போய்விட்டதால், தீவில் இருப்பவர்கள் ஊருக்களே இல்லை, எல்லாம் அயிமாராக்கள்தான் என்று வாதாடியவர்களும் உண்டு. ஆனால் 2013-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, சுற்றியுள்ள மக்களிடமிருந்து வேறுபட்ட பழைய மரபுவழிக் கூறுகள் ஊருக்களிடம் இன்னும் இருக்கின்றன என்று காட்டியது.

கோரையால் ஒரு தீவு

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். மிதக்கும் தீவை எப்படிக் கட்டுகிறார்கள்?

மூலப்பொருள் ஒன்றே ஒன்றுதான். தொதோரா என்ற கோரை. நம்ம ஊர்ப் பாய்க்கோரையின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. ஆழம் குறைந்த தண்ணீரில் ஆளுயரத்துக்கு மேல் வளரும். தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே பஞ்சு மாதிரி காற்றறைகள் நிறைந்திருக்கும். அதுதான் மிதப்பதன் ரகசியம்.

முதல் வேலை அஸ்திவாரம். கோரையின் வேர்கள் ஏரியடியில் ஒன்றோடொன்று பின்னி, மண்ணோடு சேர்ந்து ஒரு மீட்டர் அளவுக்குத் தடித்த மெத்தை மாதிரி ஆகிவிடும். இதன் பெயர் 'கிலி'. (நாம் கிலி பிடிக்க வேண்டியதில்லை!) மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது, வேருக்குள் சிக்கிய வாயுவின் உதவியால் இந்த மெத்தை பெயர்ந்து தானாக மேலே வரும். அதை நீளமான ரம்பத்தால் பெரிய பெரிய கட்டிகளாக அறுக்கிறார்கள். படகில் கட்டி இழுத்து வந்து, ஒவ்வொரு கட்டியிலும் முளைக்குச்சி அடித்து, கயிற்றால் பக்கத்துக் கட்டியோடு இறுக்கிக் கட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் வேர்கள் ஒன்றுக்குள் ஒன்று வளர்ந்து, பல கட்டிகள் ஒரே பலகை போல ஆகிவிடும். நாம் ஜாயின்ட் போட சிமென்ட் தேடுகிறோம். அங்கே ஜாயின்ட் தானாகவே முளைக்கிறது.

இரண்டாவது தளம். அறுத்த பச்சைக் கோரையை ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்த வரிசை குறுக்காகவும் மாற்றி மாற்றிப் பரப்புகிறார்கள். ஸ்லாபுக்குக் கம்பி கட்டுகிற அதே யோசனைதான். சுமை ஒரே இடத்தில் இறங்காமல் பரவிவிடும். நடந்தால் மெத்தையில் நடப்பது போல அமுங்குமாம்.

மூன்றாவது நங்கூரம். தீவைச் சுற்றிலும் யூகலிப்டஸ் கம்புகளை ஏரியடியில் இறக்கி, கயிற்றால் தீவைப் பிணைத்து வைக்கிறார்கள். இல்லாவிட்டால் இரவு பெருவில் படுத்தவன் காலையில் பொலிவியாவில் எழுந்திருக்க வேண்டியதுதான் என்று அவர்களே கேலியாகச் சொல்வார்களாம்.

கட்டி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடியில் உள்ள கோரை அழுகிக்கொண்டே இருக்கும். அதனால் மேலே புதுக் கோரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடப் போட வேண்டிவரும். குடிசையை அலாக்காகத் தூக்கி, கீழே கோரை பரப்பி, மறுபடி வைக்கிறார்கள். அடுப்பு மட்டும் ஜாக்கிரதை! கல்லின் மேல்தான் வைத்து எரிக்க வேண்டும். இப்படிப் பராமரித்தால் ஒரு தீவு சுமார் 25, 30 ஆண்டுகள் தாங்கும்.

வீடு கோரை, படகு கோரை, பாய் கோரை. பசிக்கு அதன் அடித்தண்டை உரித்தால் வெள்ளையாக இருக்கும், அதையும் தின்னலாம். ஒரு தீவில் சில குடும்பங்கள் சேர்ந்து வாழும். பங்காளிச் சண்டை முற்றிவிட்டால் என்ன செய்வார்கள் தெரியுமா? ரம்பத்தை எடுத்துத் தீவை இரண்டாக அறுத்து, அவரவர் பங்கைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். வக்கீலும் வேண்டாம், சர்வேயரும் வேண்டாம்!

இங்கே என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பா கொத்தனார். பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வரை வந்த முதல் ஆள் நான்தான். அப்பா ட்யூப்பில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார். "தண்ணி பொய் சொல்லாதுடா" என்பார். அந்த ட்யூப் ஏன் சரியாக மட்டம் காட்டுகிறது என்பதை ஹைட்ராலிக்ஸ் வகுப்பில்தான் நான் படித்தேன். காரணத்தைப் பாடமாகப் படிக்காமலே அவர் முப்பது வருஷம் வீடு கட்டிவிட்டார். ஊரு மக்கள் ஆர்க்கிமிடீஸ் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் அவர்களுக்கு எஞ்சினியரிங் தெரியாது என்று சொல்ல முடியுமா?

தீவுக்கு வந்த மாற்றம்

முன்பு இந்தத் தீவுகள் ஏரிக்குள் தள்ளி இருந்தன. 1986-ஐ ஒட்டி வந்த பெருவெள்ளமும் புயலும் பலவற்றைச் சிதைத்தன. அதன் பிறகு நிறையக் குடும்பங்கள் பூனோ நகரத்துக்குப் பக்கத்தில் வந்து புதுத் தீவு கட்டிக்கொண்டன. நகரம் பக்கம் வந்ததும் சுற்றுலாப் பயணிகள் வர ஆரம்பித்தார்கள். 1990-களில் சூரிய ஒளித் தகடுகள் வந்தன. கூரையில் விளக்கு எரிந்தது, டி.வி. ஓடியது. துடுப்புப் போட்டவர்கள் மோட்டார் படகு வாங்கினார்கள். புல்லால் திரித்த கயிறு போய் நைலான் கயிறு வந்தது. பயணிகளை ஏற்றும் பெரிய கோரைப் படகுகளின் உள்ளே காலி பிளாஸ்டிக் பாட்டில்களை ஆயிரக்கணக்கில் அடைத்து, மேலே கோரையைக் கட்டுகிறார்கள். படகு அதிக நாள் உழைக்கிறதாம்.

இதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிலர் "அய்யோ, பழமை கெட்டுப்போச்சே" என்று வருத்தப்படுகிறார்கள். எனக்கு இந்த வருத்தம் புரியவில்லை. நாம் மட்டும் ஓலைக் குடிசையை விட்டு மாடி வீட்டுக்கு வரலாம், அவர்கள் மட்டும் போட்டோவுக்காக மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருக்க வேண்டுமா? பாட்டிலை மிதவையாக்கியதும் அவர்கள் மூளைதான்.

கவலைப்பட வேண்டிய மாற்றம் வேறு. 1978-ல் பெரு அரசு இந்தக் கோரைக் காடுகளைத் தேசியக் காப்பகமாக அறிவித்தது. இயற்கையைக் காக்கத்தான். ஆனால் காலங்காலமாக வெட்டிய கோரையை இனி யார் அனுமதியோடு வெட்டுவது என்ற பிரச்சினை அதோடு சேர்ந்து வந்தது. பூனோ நகரத்துச் சாக்கடை விரிகுடாவில் கலந்து தண்ணீர் கெடுகிறது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ட்ரவுட் போன்ற மீன்கள் பெருகி, உள்ளூர் மீன் குறைந்தது. மீன் குறையக் குறைய வருமானம் சுற்றுலாவையே நம்பி நிற்கிறது. 2020-ல் கொரோனா வந்து பயணிகள் நின்றபோது அந்த ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது. 2023-ல் மழை பொய்த்து ஏரி வெகுவாக வற்றியபோது, கரையோரக் கோரை காய்ந்தது, படகுகள் சேற்றில் நின்றன.

உப்பைக் கழுவும் மக்கள்

இரண்டாவது கிளையான சிபாயாக்கள் பொலிவியாவின் ஒரூரோ மாநிலத்தில் இருக்கிறார்கள். சுமார் 2,000 பேர். அவர்கள் இருப்பது உப்புப் பூத்த மண். மரம் கிடையாது. கல் கிடையாது. ஊளையிடும் காற்று. நல்ல நிலத்தையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய இடம் அது.

அங்கே அவர்கள் செய்வது என்ன தெரியுமா? லவுகா ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய் வெட்டித் திருப்பி, கரை கட்டி, உப்பு நிலத்தின் மேல் மாதக்கணக்கில் தேக்கி வைக்கிறார்கள். தண்ணீர் உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும். ஆறு கொண்டுவரும் வண்டலும் மணலும் மேலே படியும். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு கினோவா என்ற தானியம் விதைக்கிறார்கள். நாம் புத்தகத்தில் உவர்நிலச் சீர்திருத்தம் என்று படிப்பது இதைத்தான். இந்த வேலையைத் தனி ஆள் செய்ய முடியாது. ஊரே கூடி இந்த வருஷம் எந்தப் பக்கம் தண்ணீர் விடுவது என்று முடிவு செய்து, ஊரே மண்வெட்டி பிடிக்க வேண்டும்.

வீடும் அப்படித்தான். புல்வேரோடு சேர்ந்த மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, அதையே செங்கல்லாக அடுக்கி, வட்டமாகச் சுவர் எழுப்புகிறார்கள். மூலை இல்லாத சுவரில் காற்று மோதாமல் வழுக்கிப் போகும். வாசல் கிழக்கே பார்க்கும். கதவுக்கு மரம் இல்லாததால் பெரிய கள்ளிச் செடியின் கட்டையை உபயோகித்தார்கள். இப்போது தகரக் கூரையும் சதுர வீடும் நிறைய வந்துவிட்டன.

இவர்களுக்கும் தண்ணீரில் அடி விழுந்தது. லவுகா ஆறு சிலி நாட்டில் உற்பத்தியாகிறது. சிலி அரசு தன் பக்கத்துப் பாசனத்துக்காக 1962-ல் அந்த ஆற்று நீரின் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டது. இதற்காகப் பொலிவியா சிலியுடன் தூதரக உறவையே முறித்துக்கொண்டது. காவிரித் தண்ணீர்ச் சண்டை பார்த்த நமக்கு இது புதிதா என்ன! ஆனால் இரண்டு தலைநகரங்கள் சண்டை போட்ட அந்த ஆற்றின் கடைசியில் இருந்தது சிபாயாக்களின் வயல். தண்ணீர் போன நாட்டுக்கே இன்று சிபாயா இளைஞர்கள் கூலி வேலைக்குப் போகிறார்கள்.

1953-ல் ஹோர்ஹே ரூயிஸ் என்ற பொலிவிய இயக்குநர் 'திரும்பி வா, செபாஸ்தியானா' என்று பொருள்படும் பெயரில் ஒரு படம் எடுத்தார். ஒரு சிபாயாச் சிறுமி பக்கத்து அயிமாரா கிராமத்தின் செழிப்பைப் பார்த்து மயங்குகிறாள். தாத்தா போய் அவளை அழைத்து வருகிறார், வழியிலேயே இறந்துபோகிறார், அவள் தன் மக்களிடம் திரும்புகிறாள். அன்று அது ஒரு சிறுமியின் கதை. இன்று அது ஒவ்வொரு வீட்டின் கதை.

இருந்தும் சிபாயாக்கள் சோர்ந்துவிடவில்லை. பொலிவியாவின் 2009-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் ஆட்சி மொழிகளின் வரிசையில் அவர்கள் மொழியும் இடம்பெற்றது. 2016 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, தங்கள் மரபுப்படி தாங்களே ஆளும் சுயாட்சிச் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். மனிதர் கணக்கிலேயே சேர்க்கப்படாதவர்கள் தங்கள் சட்டத்தைத் தாங்களே எழுதினார்கள்!

ஏரி செத்த கதை

மூன்றாவது கிளையின் கதைதான் மனதைப் பிசைகிறது. போபோ பொலிவியாவின் இரண்டாவது பெரிய ஏரியாக இருந்தது. பரப்பு பெரியது, ஆழமோ மிகக் குறைவு. அதில் மீன் பிடித்தும் முட்டை பொறுக்கியும் முராத்தோ மக்கள் வாழ்ந்தார்கள். நிலம் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. ஏரிதான் நிலம்.

2014 கடைசியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. 2015 டிசம்பரில் ஏரி காய்ந்தே விட்டது. படகுகள் வெடித்த தரையில் கவிழ்ந்து கிடந்த படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. 2002-லேயே சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஏரி அது. பட்டியல் காப்பாற்றவில்லை.

காரணம் ஒன்றல்ல. எல் நினோ வறட்சி வந்தது. பூமி சூடாவதால் ஆவியாவது கூடியது. மேலே தேசாகுவாதேரோ ஆற்றுத் தண்ணீர் பாசனத்துக்குத் திருப்பப்பட்டது. வானூனி போன்ற சுரங்கங்களின் கழிவும் வண்டலும் ஏரியைத் தூர்த்தன. அந்தச் சுரங்கப் பகுதி ஆற்றுப் படுகைக்கு 2009-லேயே அரசு சுற்றுச்சூழல் அவசர நிலை அறிவித்திருந்தது. வறட்சி முன்பும் வந்திருக்கிறது, ஏரி மீண்டும் நிறைந்திருக்கிறது. இந்த முறை எழுந்திருக்க விடாமல் மனிதர்களும் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். அதன் பிறகு மழைக்காலங்களில் கொஞ்சம் நீர் தேங்கியது உண்டு. மீன் பிடித்துப் பிழைக்கும் பழைய ஏரி திரும்பவில்லை.

புஞாகா, விலஞேகே, யாபயாபானி என்ற மூன்று கரையோரக் கிராமங்களில் வாழ்ந்தவர்கள் சில நூறு பேர்தான். அவர்களில் பலர் சுரங்கத்துக்கும் உப்பளத்துக்கும் நகரத்துக்கும் கூலிகளாகப் போனார்கள். மிஞ்சியவர்கள் வைக்கோல் தொப்பி, கூடை முடைந்து விற்கிறார்கள். காற்றைப் பார்த்து மீன் எங்கே என்று சொல்லத் தெரிந்த பெரியவரின் அறிவை இனி எந்தப் பேரனுக்குச் சொல்லிக் கொடுப்பது? படகு விட்டுப் பழக ஏரி வேண்டுமே!

நாம் என்ன எடுத்துக்கொள்வது?

நண்பர்களே, மூன்று கிளைகளையும் சேர்த்துப் பாருங்கள். சோலார் வந்ததால் ஊருக்கள் அழியவில்லை. மோட்டார் படகாலும் பிளாஸ்டிக் பாட்டிலாலும் அழியவில்லை. புதியது எதுவானாலும் தாங்களே எடுத்துத் தங்கள் வாழ்க்கைக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள். வாழ்க்கை கெட்டது எப்போது என்றால், எங்கோ இருந்தவர்கள் இவர்களைக் கேட்காமல் இவர்களுடைய தண்ணீர் மீது முடிவு எடுத்தபோதுதான்.

அந்த முடிவுகளையெல்லாம் யாரோ ஒரு எஞ்சினியர்தான் வரைபடமாகப் போட்டிருப்பார். அவர் கெட்டவர் இல்லை. கன அடி கணக்கைச் சரியாகவே போட்டிருப்பார். ஷீட்டின் ஓரத்தோடு அவர் கோடு முடிந்திருக்கும். ஆறு அங்கே முடியவில்லை.

இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் பொதுப்பணித் துறையிலோ காண்டிராக்டரிடமோ வேலைக்குப் போவோம். கால்வாய்க்கும் மதகுக்கும் லெவல் எடுப்போம். அப்போது ஒரே ஒரு கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்வோம். இந்தத் தண்ணீர் இதுவரை எங்கே போய்க்கொண்டிருந்தது, அங்கே யார் இருக்கிறார்கள்? ஷீட்டை மடிக்கும் முன்னால் ஒருநாள் பஸ் ஏறிப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வருவோம்.